அர்த்தனாரி என்பவர் மலையாளி

திருச்சினாப்பள்ளி,
1938 ஜூலை 4

பாவாயிக்கு அர்த்தனாரி எழுதுவது.

ஊரைவிட்டு இறங்கி எட்டு நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்த அன்றே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ புளியஞ்சோலைக்கு இறங்கி ஏறும் ஆளையெல்லாம் கடிதம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருப்பாய். கோபித்துக்கொள்ளாதே. காலேஜும் ஹாஸ்டலும் பிடிபடவே இத்தனை நாள் ஆகிவிட்டது.

இங்கே எல்லாவற்றுக்கும் மணி. குளிக்க மணி, சாப்பிட மணி, படிக்க மணி. மூன்று வேளையும் நெல்லுச் சோறு. நம் ஊரில் பண்டிகைக்குப் பண்டிகை பார்த்ததைத் தினமும் போடுகிறார்களே என்று முதல் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து களி எங்கே என்று வயிறு கேட்கிறது. செருப்பில்லாமல் வகுப்புக்கு வரக்கூடாதாம். வாங்கிப் போட்டுக்கொண்டேன், இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மலையில் முள்ளும் கல்லும் செய்யாததைச் செருப்பு செய்துவிட்டது. பாடம் முழுவதும் இங்கிலீஷ். துறையூர் ஸ்கூலில் வாத்தியார் இங்கிலீஷில் ஒரு தடவை சொன்னால் தமிழில் இரண்டு தடவை சொல்வார். இங்கே ஒரே தடவைதான், அதுவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

காலேஜில் பெயர் பதிந்த அன்று குமாஸ்தா என்ன ஜாதி என்று கேட்டார். மலையாளி என்றேன். கொல்லிமலையில் இருக்கும் நம் ஜனத்துக்கு வேறு என்ன பெயர் இருக்கிறது? அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறொரு பாஷையில் பேச ஆரம்பித்தார். அவர் மலபார் பக்கத்து மனிதர், மலையாளம் பேசுகிறவர் என்று எனக்கு அப்போது தெரியாது. "நாட்டில் எவிடெயா?" என்றார். நாடு என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. நம் மலையில் நீ எந்த நாடு என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று, "பெரக்கரை நாடுங்க" என்றேன். அவர்கள் சீமையிலும் ஏறநாடு, வள்ளுவநாடு என்றெல்லாம் இருக்கிறதாம். இதுவும் அதில் ஒன்று என்று எடுத்துக்கொண்டார். என் ஸ்கூல் புத்தகத்தில் துறையூர் என்று இருந்ததைப் பார்த்து, "அச்சன் அவிடெ ஜோலியோ?" என்றார். அப்பாவுக்கு அங்கே வேலையா என்று கேட்டிருக்கிறார். எனக்கு ஜோலி மட்டும் புரிந்தது. தலையாட்டினேன். அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். சொந்த ஊர்க்காரனைக் கண்டதாக நினைத்து மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பலன் என்னவென்றால், ஹாஸ்டலில் காற்று வரும் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அறையில் கூட இருப்பவன் அச்சுதன் என்று ஒரு மலபார்ப் பையன். இங்கிலீஷோடு இன்னொரு பாஷையும் எல்லாரும் படிக்க வேண்டும். எனக்கு அது மலையாளம் என்று பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன்.

அர்த்தனாரி


பெரக்கரை நாடு,
வெகுதானிய வருஷம் ஆடி 4

மாமாவுக்கு பாவாயி எழுதுவது.

கடிதம் அடிவாரத்தில் சாமியப்பன் வீட்டிலேயே பத்து நாள் கிடந்திருக்கிறது. பலாப்பழம் இறக்கப் போனவர்கள் நேற்றுத்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அத்தை படிக்கச் சொன்னார்கள், படித்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்ற வரியையும் சேர்த்துத்தான் படித்தேன். எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் படிக்க எனக்கு வராது. இனிமேலாவது தெரிந்துகொண்டு எழுதுங்கள். அத்தை சிரித்துவிட்டு, "எம்பையன் சின்னதுலயிருந்தே அப்பிடித்தாங் கண்ணு. பசிக்குதானு கேட்டாலும் தலையத்தான் ஆட்டுவான். ஆமாவா இல்லீயானு நாமதாங் கண்டுக்கோணும்" என்றார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நேரம் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சொல்லவில்லை என்றும் நினைக்கிறேன்.

கல்யாணம் முடிந்து இருபதாம் நாள் கிளம்பிப் போனீர்கள். போகட்டுமா என்று என்னைக் கேட்டீர்கள், நானும் போங்கள் என்றேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. பரிசம் போட்ட அன்று எங்கள் அய்யன் எல்லார் முன்னாலும், "மாப்ள, புள்ளயப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டார். அப்போதும் நீங்கள் தலையைத்தான் ஆட்டினீர்கள். பக்கத்தில் அத்தை சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள். நினைவுக்கு வந்ததை எழுதினேன், வேறொன்றும் இல்லை.

சாமை முளைத்துவிட்டது. ஆடிக்கு என்னை அழைத்துப்போக அய்யன் நாளை வருகிறார். குதிகாலுக்கு விளக்கெண்ணெய் தடவுங்கள்.

பாவாயி


திருச்சினாப்பள்ளி,
1938 ஆகஸ்டு 9

பாவாயிக்கு,

நீ நினைத்ததுதான் சரி. ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

அதுவரை மலையாள வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பண்டிதர் பாடம் வாசித்தால் எல்லாரும் பக்கத்தைத் திருப்புவார்கள், நானும் திருப்புவேன். அச்சுதன் எழுத்துக் கற்றுக்கொடுக்கிறான். எல்லா எழுத்தும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகிறது. இதற்கிடையில் தர்க்க வகுப்பில், மனிதரெல்லாம் இறப்பவர், இராமன் மனிதன், ஆகவே இராமன் இறப்பவன் என்று ஒரு பாடம் நடந்தது. மலையாளிகளெல்லாம் மலையாளம் பேசுவர், அர்த்தனாரி மலையாளி என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். அடுத்த வரியை எழுத முடியவில்லை.

போன வாரம் குமாஸ்தாவிடம் போனேன்.

"மலையாளின்னு நீதானே சொன்னே?" என்றார்.

"ஆமாங்க."

"இப்ப இல்லேங்கறியா?"

"மலையாளிதாங்க. மலையாளந்தான் தெரியாதுங்க."

தன்னை நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பெயர் ஜாபிதா மெட்ராஸுக்குப் போய்விட்டது, இனிப் பிரின்ஸ்பாலைக் கேட்டுத்தான் மாற்ற முடியும் என்றார். அதற்கு இங்கிலீஷில் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். கீழே நானே அதைத் தமிழிலும் எழுதியிருக்கிறேன். "அர்த்தனாரியாகிய நான் மலையாளி அல்ல, என் பாஷை தமிழ் என்று உறுதி கூறுகிறேன். இது மெய்யென்று என் ஊர்த் தலைவர் ஒப்பம்." இவ்வளவுதான் விஷயம்.

நம் ஊருக்குப் பெரியதனம் உன் அய்யன்தானே. அவரிடம் கைநாட்டு வாங்கி அனுப்பு. நான் உன்னிடம் விட்டுவந்த மைக்கூடு இருக்கிறதல்லவா, விரலில் தடவி ஓர் அழுத்து அழுத்தச் சொல். செப்டம்பர் முப்பதாம் தேதிக்குள் காகிதம் இங்கே இருக்க வேண்டும். தவறினால் மார்ச்சில் மலையாளப் பரீட்சையே எழுத வேண்டும். அதில் தேறாவிட்டால் இரண்டாம் வருஷத்துக்கு விடமாட்டார்கள், படிப்பு அதோடு போயிற்று. கீழே இறங்கிப் படிக்கவேண்டும் என்று பத்து வயதிலிருந்து நினைத்தவன் நான். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அர்த்தனாரி


பெரக்கரை நாடு, அய்யன் வீடு,
ஆவணி 11

மாமாவுக்கு,

காகிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கைநாட்டு இல்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வாசலில் ஊரார் பதினொரு பேர் கூடியிருந்தார்கள். காட்டுப்பன்றி சாமைக்காட்டை உழுதுபோட்டுவிட்டது. யார் யார் காவலுக்குப் போவது என்று பேச்சு. நான் காகிதத்தையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு அய்யன் பக்கத்தில் போய் நின்றேன். என்ன கண்ணு காயிதம் என்று கேட்டார். படித்தேன்.

"மலையாளி அல்ல" என்ற இடத்தில் பன்றிப் பேச்சு நின்றுவிட்டது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். ராசு மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார். "கீழ எறங்கி ரெண்டு மாசத்துல மலையாளி இல்லீங்கறான். நாலு வருசம் படிச்சா மனுசனே இல்லீம்பாங்க."

அய்யன் சிரிக்கவில்லை. "நா எம்புள்ளய ஒரு மலையாளிக்குத்தாங் குடுத்தேன். அவன் மலையாளி இல்லீனு எழுதி, எங்கிட்டயே கைநாட்டுக் கேக்கறான். அப்ப எம்புள்ள யாரூட்டுல இருக்குது?" என்றார். அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமுங்க அய்யா, வேறு சீமை ஜனத்தை அப்படிச் சொல்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். "அவங்க அர்த்தம் அவங்களோட இருக்கட்டும். வெரலு என்னுது" என்று எழுந்து போய்விட்டார்.

ஆடி முடிந்தும் என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை. இது தீரும் வரை அனுப்புவதாக இல்லை என்று சொல்லிவிட்டார். அத்தை வந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரியை வாய்விட்டுப் படித்தபோது எனக்கும் நாக்குக் கூசியது. அது குமாஸ்தா எழுதியது என்று தள்ளிவிட முடியவில்லை. தமிழில் இருந்தது உங்கள் கையெழுத்து.

பாவாயி


திருச்சினாப்பள்ளி,
1938 செப்டம்பர் 4

பாவாயிக்கு,

படிக்கத் தெரிந்த பெண்டாட்டி கிடைத்தாள் என்று பெருமைப்பட்டவன் நான்தான். பன்றிக்குக் கூடிய கூட்டத்தில் என் படிப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டாய்.

உன் அய்யன் தனியாக இருக்கும்போது கேட்டிருக்கலாம். அவருக்கு எழுத்துத் தெரியாது. காலேஜ் காகிதம், கைநாட்டு வையுங்கள் என்றால் வைத்திருப்பார். ஒரே ஒரு சொல்லுக்காக நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து ஏர் பிடித்தால் உங்கள் எல்லாருக்கும் திருப்தி. தொண்ணூறு பேர் வகுப்பில் எனக்கு மலையும் இல்லை, மலையாளமும் இல்லை, பேச ஆளும் இல்லை. அதை நீ எங்கே அறியப் போகிறாய்.

இனி எழுத ஒன்றும் இல்லை.

அர்த்தனாரி


திருச்சினாப்பள்ளி,
1938 செப்டம்பர் 19

பாவாயி,

எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியவன்தான் எழுதுகிறேன். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வராது என்றும் தெரியும்.

போன கடிதத்தில் எழுதியதை அச்சுதனிடம் சொன்னேன். அவன் என் பக்கம் பேசுவான் என்று நினைத்துத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, "எழுதத் தெரியாத மனுஷனை ஏமாத்தச் சொன்னியா? அதுவும் அவர் மகளையே விட்டு?" என்றான். நான் எழுதியது தப்பு பாவாயி. நீ வாய்விட்டுப் படித்ததுதான் சரி.

போன புதன்கிழமை வகுப்பில் பண்டிதர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். இரண்டு மாதமாக அவர் கண்ணில் படாமல் தப்பித்தவன் மாட்டிக்கொண்டேன். எழுத்துக்கூட்டி ஒரு வரி வாசித்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நீ எவ்விடத்து மலையாளி என்று கேட்டார். வேறு வழியில்லாமல் நாட்டில் ஆரம்பித்துக் குமாஸ்தா வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் கடற்கரைக்காரன். மலையை நான் ரயிலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மலையில் இருக்கிற நீதானப்பா அசல் மலையாளி" என்றார். எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சிரித்தேன். இங்கே வந்ததிலிருந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அறைக்கு வந்து அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பொய் எழுதித் தேறுவதற்கு மலையாளமே படித்துவிட்டுப் போகிறேன். மார்ச்சுக்கு ஆறு மாதம் இருக்கிறது. தேறினால் சரி. தேறாவிட்டால் மலையேறி வருகிறேன், வேறென்ன. உன் அய்யனிடம் இதைச் சொல். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் இஷ்டம். உன்னை மட்டும் அம்மாவிடம் அனுப்பச் சொல். பாவம், அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள்.

அர்த்தனாரி


பெரக்கரை நாடு,
புரட்டாசி 5

மாமாவுக்கு,

உங்கள் கோபக் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அதற்குப் பிறகு வேறு எழுதியிருந்தால் அது இன்னும் சாமியப்பன் வீட்டில்தான் இருக்கும்.

கோபத்துக்குப் பதில் பிறகு எழுதுகிறேன். முதலில் காரியம். இதோடு ஒரு காகிதம் இருக்கிறது, பத்திரமாகப் பிரியுங்கள். களை வெட்டிக்கொண்டே யோசித்தேன். அய்யனுக்குக் கைநாட்டு வைப்பதில் குறை இல்லை, அந்த ஒரு சொல்லில்தான் குறை. அந்தச் சொல்லை மாற்றினால் என்ன? போய்க் கேட்டேன். "அவரு மலையாளிதான்னு எழுதுனா வெரலு வெப்பீங்களா?" அய்யன், "அதுக்கென்ன கண்ணு, பத்து வாட்டி வெக்கறேன்" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த பதினொரு பேரும், அன்றைய பேச்சைக் கேட்டவர்கள்தானே விரல் வைக்க வேண்டும் என்று அவர்களே வந்து வரிசையில் நின்றார்கள். ராசு மாமன் இரண்டு கைக் கட்டைவிரலையும் வைத்துவிட்டார், அவரைத் தடுக்க முடியவில்லை. மைக்கூடு காலி.

காகிதத்தில் எழுதியிருப்பது இது.

"அர்த்தனாரி என்பவர் மலையாளி. கீழே விரல் வைத்த நாங்கள் எல்லாரும் மலையாளிகள். கொல்லிமலையில் பெரக்கரை நாட்டில் எங்கள் முப்பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறோம். நாங்கள் பேசுவது தமிழ். எங்களுக்கு வேறு பேச்சுத் தெரியாது. அர்த்தனாரி என்பவருக்கும் தெரியாது. அவரை அவர் பேச்சிலேயே படிக்க விட வேண்டும்."

தேதிக்குள் சேரவேண்டும் என்று அய்யனே துறையூருக்கு நடந்துபோய்த் தபாலில் போட நிற்கிறார். என்னை அத்தையிடம் அனுப்புவது பற்றிக் கேட்டதற்கு, மாப்பிள்ளை தன் வாயால் ஒரு தடவை சொல்லட்டும், அனுப்புகிறேன் என்றார்.

இனி என் விஷயம். அய்யனுக்குத் தெரியாமல் கைநாட்டு வாங்கியிருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அப்படிச் செய்கிறவளாக இருந்தால் உங்களுக்கும் ஒருநாள் செய்வேன். அதை யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, முதலில் விளையாட்டாக எழுதினேன், இப்போது விளையாட்டில்லை. அடுத்தவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் தலையாட்டுகிறவர் நீங்கள். பரிசம் போட்ட அன்று ஆட்டியதும் அதுதானா? அப்படித்தான் என்றால் அப்படியே எழுதிவிடுங்கள். இரண்டு மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு களை வெட்டுவது கஷ்டமாக இருக்கிறது. நான் அழுகிறவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். இதற்கு மட்டும் அழுகை வருகிறது.

பாவாயி


திருச்சினாப்பள்ளி,
1938 செப்டம்பர் 29

பாவாயி,

காகிதம் நேற்றுக் காலை வந்தது. முதல் மணியடிக்கும் முன்னே பிரின்ஸ்பால் அறை வாசலில் நின்றேன். செருப்பு இப்போது கடிப்பதில்லை.

குமாஸ்தாவும் உள்ளே இருந்தார். பிரின்ஸ்பால் துரைக்குத் தமிழ் படிக்க வராது. குமாஸ்தாவைப் படித்து இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். அந்த மனிதர் உன் கையெழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்து மாற்றிச் சொன்னார். "எங்களுக்கு வேறு பேச்சுத் தெரியாது" என்ற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். துரை விரல் அடையாளங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, பன்னிரண்டு பேருக்குப் பதின்மூன்று விரல் எப்படி என்று கேட்டார். ராசு மாமனைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு நேராக என்னைப் பார்த்து, "நீ மலையாளியா, இல்லையா?" என்றார்.

தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். "மலையாளிதான். கொல்லிமலை மலையாளி. என் பாஷை தமிழ்" என்று வாயைத் திறந்து சொன்னேன். வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை முதல் தமிழ் வகுப்பு. உன் அய்யனிடம் சொல், என் வாயால் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் குமாஸ்தா, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க, அதனாலதாங்க என்றேன். அவருக்கு ஊரைவிட்டு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறதாம். ஜன்னலோரக் கட்டிலை நீயே வைத்துக்கொள் என்றார். அச்சுதனிடம் எழுத்துக் கற்பதையும் நான் விடவில்லை. உன் பெயரை மலையாளத்தில் எழுத வருகிறது.

இனி நீ கேட்டது. குமாஸ்தாவிடம் ஆட்டியது அவருக்காக, அது உண்மை. உன் அய்யனிடம் ஆட்டியது அம்மாவுக்காக இல்லை. கதவுக்குப் பக்கத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். பச்சைச் சேலை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பயப்படாமல் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாயைத் திறந்தால் குரல் நடுங்கி, கூடியிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள் என்று தலையாட்டினேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. அன்றும் பிடித்திருந்தது, உன் மேல் கோபமாக எழுதிய அன்றும் பிடித்துத்தான் இருந்தது.

தீபாவளி லீவுக்கு வாரேன். களி வேண்டும்.

அர்த்தனாரி


பெரக்கரை நாடு, அத்தை வீடு,
புரட்டாசி 25

மாமாவுக்கு,

மை தீர்ந்துவிட்டது, இது பென்சில். வரும்போது மை வாங்கி வாருங்கள்.

கிழித்துப் போட்டதாக எழுதிய கடிதமும் துரை கையெழுத்துப் போட்ட கடிதமும் ஒன்றாகவே வந்தன. அய்யன், அத்தை, விரல் வைத்த பதினொரு பேர், எல்லாரையும் உட்காரவைத்து இரண்டையும் படித்தேன். வாயைத் திறந்து சொன்ன இடத்தை அய்யன் மூன்று தடவை படிக்கச் சொன்னார். பதின்மூன்றாம் விரல் துரை வரைக்கும் போய்விட்டதில் ராசு மாமனைக் கையில் பிடிக்க முடியவில்லை. அன்றே அய்யன் என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்.

மலையாளத்தில் என் பெயரை எழுத வருகிறது என்ற வரி வரைக்கும் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன். அய்யன் என் முகத்தைப் பார்த்து, "அவ்வளவுதானா கண்ணு எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

பாவாயி